அளவும் பண்பும்: நிணநீர்ப்புற்றின் வகைப்பாடு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை அளவைகளின் வரலாறாகவும் நோக்கலாம். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை, குடாவின் ஆழத்தையும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் கொள்ளளவையும் நுணுக்கமாகக் கணித்தனர். எதனை அளப்பது என்பதை அளப்போரின் தேவையே தீர்மானித்தது. மருத்துவ அளவைகளுக்கும் இது பொருந்துமா என்பதை நிணநீர்ப்புற்றினை முன்வைத்து ஆராய்வோம்.

1832 இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ஜ்கின் நிணநீர்க்கணுக்களின் வீக்க நோயொன்றை விவரித்தார். பின்னர் நுணுக்குக்காட்டியிற் கண்ட கலவடிவமே வகைப்பாட்டின் அடிப்படையாயிற்று. ரப்பப்போட் முறை (1966), கீல் முறை (1974) என முறைகள் பெருகவே, ஒரே நோய் பல பெயர்களைப் பெற்றது. 1982 இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆதரித்த ஆய்வு ஆறு முறைகளை ஒப்பிட்டு, தாழ், இடை, உயர் தரங்கள் என்னும் பொதுமொழியை ஆக்கியது.

கண்ணின் தீர்ப்புக்குத் துணையாக எண்ணை நிறுத்தும் முயற்சியே படப்பகுப்பு. 1924 இல் பொயில்கன் வெளியிட்ட சாயமுறையில், கலக்கருவிலுள்ள டி.என்.ஏ.யின் அளவுக்கேற்பவே நிறம் பற்றும். கருவின் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் உறிஞ்சிய ஒளியைக் கணினி கூட்டி, இயல்பான கலங்களோடு ஒப்பிடுகிறது. பிரிவுக்கு ஆயத்தமாகும் கலத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பதால், அத்தகைய கலங்களின் விகிதம் நோயின் வேகத்தைச் சுட்டும். உயர்தரப் புற்றுகளில் இவ்விகிதம் பொதுவாகக் கூடுதலாகும்.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு இதனை எளிய சான்றாகக் கொள்ள நாம் விழையலாம். ஆயின் அது அவசர முடிவாகும். மெல்ல வளரும் வகையொன்றிற் பெரும்பாலும் 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறுகின்றன. அதனால் மொத்த அளவு மாறுவதில்லை. பண்பை ஆக்குவது அளவு மட்டுமன்று, உறுப்புகளுக்கிடையிலான உறவுமாகும். 2001 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு கலவடிவம், கலப்புரதங்கள், பரம்பரையலகு மாற்றம், நோயின் போக்கு ஆகியவற்றை இணைத்தமை இதனாலேயே.

உறவு என்பது கலத்தோடு முடிவதன்று. படப்பகுப்புக்கு மெழுகிற் பதித்த சிறு இழையத்துண்டு போதும்; அதனைத் தொலைவுக்கு அனுப்பலாம். ஆனால் நீண்டகாலம் பயணஞ் செய்தவர் நோயாளரே. குடாவின் ஆழத்தை அளந்த பேரரசு கரைவாழ் மக்களின் உடல்நலத்தை அதே அக்கறையுடன் அளக்கவில்லை; சுதந்திர அரசும் சிறப்பு மருத்துவத்தைத் தலைநகரையொட்டியே குவித்தது. துறைமுகத் தொழிலாளியும் மூதூர் விவசாயியும் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து மகரகமவை அடையவேண்டியிருந்தது. நோயின் தரத்தை நுண்மையாக வகுக்கும் அறிவு, அந்நோயாளரை உரிய காலத்திற் சென்றடையும்போதே முழுமை பெறும் என்பது நமது துணிபு.