குதிக்க ஒரு தரை

1920 டிசம்பர் 26. லிவர்பூலில் உள்ள குடிசன் பார்க் மைதானம். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். அவர்கள் பார்க்க வந்தது டிக், கெர் லேடீஸ் அணியை. ப்ரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில், முதல் உலகப்போரின்போது வெடிமருந்துத் தளவாட வேலைக்குப் போன பெண்கள் தொடங்கிய அணி அது. அன்றைய ஆட்டத்தை 4-0 என்று ஜெயித்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளிடம் சொல்லிவிட்டது: பெண்கள் ஆட உங்கள் மைதானத்தைக் கொடுக்காதீர்கள். இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பந்தைத் தொடாதே என்று யாரும் சட்டம் போடவில்லை. காலுக்குக் கீழே இருந்த தரையைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதே கதை. பிரேசிலில் 1941இல் அரசாணையே வந்தது. 1979 வரை போகவில்லை. இடையில் பெண்கள் ஆடாமல் இல்லை. பொதுப் பூங்காக்களில், ரக்பி மைதானங்களில், கிடைத்த இடத்தில் ஆடினார்கள்.

பெண்கள் மைதானத்துக்கு வெளியே நின்ற அதே காலத்தில்தான் உடற்பயிற்சி அறிவியல் வேகமாக வளர்ந்தது. 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி ஒரு முறையை எழுதி வைத்தார். ஒரு மேடையிலிருந்து கீழே இறங்கு. கால் தரையைத் தொட்ட கணமே மேலே எழும்பு. அவர் பரிந்துரைத்த உயரம் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘அதிர்ச்சி முறை’. அமெரிக்க ஓட்டக்காரர் ஃப்ரெட் வில்ட் 1975இல் இந்த வகைப் பயிற்சிகளுக்குச் சூட்டிய பெயர்தான் இன்று எல்லோரும் சொல்லும் ‘பிளையோமெட்ரிக்ஸ்’.

இதன் தத்துவம் எளிது. தசை நீண்டு, உடனே சுருங்கினால் கூடுதல் விசை கிடைக்கும், இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி. ஆனால் நீளுவதற்கும் சுருங்குவதற்கும் நடுவில் தாமதம் வந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இங்கேதான் தரை கதைக்குள் வருகிறது. கெட்டியான தரை காலைச் சட்டென்று திருப்பி அனுப்பும். மணல் காலை உள்வாங்கிக்கொள்ளும். நாம் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று 1998இல் அளந்தே சொன்னார்கள். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பெர்சி செருட்டி அதற்கு ரொம்ப முன்பே, போர்ட்சீ கடற்கரையின் மணல்மேடுகளில் தன் பையன்களை ஏறி ஓடவிட்டவர். அவரிடம் பயின்ற ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார்.

அப்படியென்றால் மணலா, புல்லா? 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதையே கேட்டது. கால்பந்து ஆடும் 37 பேரை இரண்டாகப் பிரித்து நான்கு வாரம் குதிக்க வைத்தார்கள். மணலில் குதித்தவர்களுக்குத் தசைவலி குறைவு. முழங்காலை மடக்கி, ஒரு கணம் நின்று எழும்பும் குதிப்பில் அவர்கள் நன்றாக முன்னேறினார்கள். சட்டென்று தாழ்ந்து எழும்பும் குதிப்பில் புல்தரைக்காரர்கள் மேல். ஓட்ட வேகம் இரு தரப்பிலும் கூடியது. ஆக, ஒவ்வொரு தரையும் வேறொன்றைக் கற்றுத்தருகிறது.

ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். அந்த முடிவை அப்படியே பதின்மூன்று வயதுப் பெண்ணின் காலில் மாட்டிவிட முடியாது. பருவம் வரும்போது உயரமும் எடையும் சட்டென்று கூடும். அதைத் தாங்கும் தசைக் கட்டுப்பாடு பையன்களுக்குக் கூடுவதுபோலப் பெண்களுக்குத் தானாகக் கூடுவதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரிகிறது. யாரும் மோதாமலே ஏசிஎல் கிழிகிறது. அப்புறம் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் காத்திருப்பு. சிலர் திரும்பி வருவதே இல்லை.

இதற்கு ரொம்ப காலம் சொல்லப்பட்ட விளக்கம் உடம்பு. இடுப்பு அகலம், ஹார்மோன், எலும்பின் அமைப்பு. அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் 1990களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் டிமத்தி ஹெவிட் குழுவினர் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பெண்களுக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? ஆறு வாரக் குதிப்புப் பயிற்சி. எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு மெதுவாக, சத்தமில்லாமல், முழங்கால் நேராக இறங்குகிறாய் என்பதில்தான் கவனம். 1999இல் முடிவு வந்தது. பயிற்சி பெறாத பெண்களுக்கு முழங்கால் காயம், பயிற்சி பெற்றவர்களைவிட 3.6 மடங்கு. பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கை பையன்களுடையதை நெருங்கிவிட்டது. அணிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு. இருந்தாலும் பெண்ணின் எலும்பில் தேடிய குற்றத்தில் ஒரு பங்கு பயிற்சியின்மையில் இருந்தது என்பது தெரிய ஆரம்பித்தது.

தரை விஷயத்தில் மட்டும் பழைய கணக்கு தீரவில்லை. செயற்கைப் புல் 1966இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் பேஸ்பால் ஆட்டத்துக்காகப் பிரபலமானது. கண்ணைக் கூசுகிறது என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், உள்ளே இருந்த நிஜப் புல் செத்துப்போனது, அதனால் பிளாஸ்டிக் வந்தது. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையின் 52 ஆட்டங்களும் அந்தச் செயற்கைத் தரையில்தான். ஆண்களின் உலகக் கோப்பையை இப்படி முழுக்க நடத்தியதே கிடையாது. ஆபி வாம்பாக் உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் 2014இல் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார்கள். 2015 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே தரையில் இறங்கி ஆடினார்கள்.

2012இல் ஸ்வீடனிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 12 முதல் 17 வயது வரையான 4,564 கால்பந்துப் பெண்கள். கிளப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், முழங்கால் கட்டுப்பாட்டுப் பயிற்சி. ஆறு பயிற்சிகளில் ஒன்று குதித்து இறங்குவது. ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைந்தது. மொத்தக் காயங்கள் 21தான், ஆகவே அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே வாசிக்க வேண்டும்.

இதற்கு மேடை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். புல் இருந்தால் புல், மணல் இருந்தால் மணலில் தொடங்கி மெல்லக் கெட்டித் தரைக்கு வரலாம். தேவைப்படுவது, முழங்காலைக் கவனித்துப் பார்க்கிற ஒரு பயிற்சியாளர். அப்புறம், வாரத்தில் இரண்டு நாள் ‘இந்த நேரம் பொண்ணுங்களுக்கு’ என்று ஒதுக்கிய ஒரு மைதானம். 1921இல் பிடுங்கப்பட்டது அதுதான்.