கொற்கையும் வான் தீவும்: மானிட யுகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பூமியின் வரலாற்றை யுகங்களாக வகுப்பது நிலவியலார் மரபு. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன் யுகமே இன்றும் நீடிக்கின்றது என்பர். மனிதனே ஒரு நிலவியல் ஆற்றலாகிவிட்டமையால் அந்த யுகம் முடிந்தது எனக் கருதிய வேதியியலார் பால் குருட்சன், 2000-ஆம் ஆண்டில் 'ஆந்திரோபோசீன்', அதாவது மானிட யுகம், என்னும் பெயரை முன்வைத்தார். 2024-இல் நிலவியலாரின் அனைத்துலகச் சங்கம் அதனை முறைப்படி ஏற்க மறுத்தது. பெயர் ஏற்கப்படாமையால் பொருளும் பொய்யாகுமோ? முத்தையாபுரத்தை அடுத்த கடலே இதற்குச் சான்று பகரும்.

பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றது. தாமிரபரணியின் வண்டலே கடலைப் பின்தள்ளியது என்பதைப் பேராயர் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். அஃது ஆறு பல நூற்றாண்டுகளில் செய்த வேலை.

மனிதன் செய்த வேலைக்கோ ஒரு தலைமுறைக் காலமே போதுமானதாயிற்று. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் தேவைக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தடுப்பவை அப்பாறைகளே. அவை நீங்கவே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு பெரிதும் தேய்ந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப்பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1979-இல் தொடங்கிய அனல் மின் நிலையத்தின் சாம்பலும் கடலோரத்தில் படிந்தது. நிலக்கரி எரிந்த சாம்பல் துகளை மானிட யுகத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அறிஞர் சுட்டுவது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும், 'மானிடம்' என்னும் பொதுச்சொல்லை வரலாற்று மாணவர் ஆராயாது ஏற்றல் ஆகாது. கூலிக்காகக் கடப்பாரையுடன் கடலில் இறங்கியவனும், அக்கல்லை விலைக்கு வாங்கியவனும், அதனால் பயன் பெற்றவனும் ஒரே அளவில் பொறுப்புடையவர் அல்லர். தீவுகள் தேய்ந்தபின் மீனும் கரையும் இழந்து முதலில் துன்புறுபவன் வள்ளத்தில் செல்லும் ஏழையே. பொறுப்பைச் சமமாகப் பங்கிடும் சொல், நீதியை மறைக்கும் சொல்லாகிவிடக்கூடும்.

1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துள் கொண்டுவரப்பட்டன. 2015 முதல் வான் தீவைச் சூழச் செயற்கைப் பாறைகள் இடப்பட்டன. கடலடியை அழித்த கையே அதனைக் காக்கவும் கூடும் என்பதற்கு இவை சான்றாம். யுகத்திற்கு எப்பெயர் இடுவது என்பதை நிலவியலார் முடிவு செய்வாராக. அதில் எவன் என்ன செய்தான் என்று கேட்பது நம் கடன்.