மேடையை விட்டு இறங்கும் நேரம்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரமாக ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. ஷிப்டு மாறும் மாலை நேரத்தில் அங்கே உட்கார இடம் கிடைப்பது துர்லபம். அந்தக் கூட்டத்தில்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வாசலில் அவருக்குக் காவல் வேலை. சொந்த ஊர் வியாசர்பாடி. மூக்குத் தண்டு சற்றே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“குத்துச் சண்டை சார்! சின்ன வயசிலே,” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. “முகம்மது அலியையே நேர்ல பார்த்திருக்கேன், தெரியுமா?”

மறுநாளும் இதையே முதல் தடவையாகச் சொல்வது போலச் சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னார். சொன்னதையே திருப்பிச் சொல்லும் குற்றத்துக்கு நாற்பத்தைந்து வயதிலேயே நான் வீட்டில் ஆளாகிவிட்டேன். ஆகையால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் தேநீர்க் கிளாஸைப் பலகையில் வைக்கும்போது அவர் கை ஒரு கணம் இடம் தெரியாமல் தடுமாறியது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

வட சென்னைக்குக் குத்துச் சண்டை புதிதல்ல. வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டைத் துறைமுகத்துத் தொழிலாளிகளும் மீனவர்களும் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குலப் பெருமை போலப் பேசினார்கள். ஆங்கிலோ இந்தியரான டெர்ரியைக் கித்தேரி முத்து வென்ற கதையை அந்தப் பேட்டைகளில் இன்றைக்கும் சொல்வார்கள். 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வந்த பிறகு தியாகராய நகர்வாசிகளுக்கும் இது தெரிந்துவிட்டது!

அப்படிப்பட்ட சென்னைக்கு 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார், கூட்டத்துக்குக் கேட்பானேன்! எதிரே மேடையேறியவர் ஜிம்மி எல்லிஸ். இருவருக்கும் சொந்த ஊர் லூயிவில். பையன்களாக இருந்த காலந்தொட்டுத் தோழர்கள். பயிற்சியில் ஒருவரை ஒருவர் ஓயாமல் குத்திக் கொண்டவர்கள். எல்லிஸும் லேசுப்பட்டவர் அல்ல. 1968 முதல் 1970 வரை உலகப் பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர்.

சென்னை ஜனங்கள் பார்த்த அலி, ஓய்வு பெற்ற அலி. முந்திய ஆண்டே விடைபெற்றுவிட்டார். வயது 38. அத்துடன் நின்றிருந்தால்! ஆனால் அதே 1980 அக்டோபர் 2-ந் தேதி லாஸ் வேகாஸில், தமக்கு முன்பு பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடியும் மேடை ஏறினார்.

எச்சரிக்கை செய்ய ஆள் இல்லாமல் போகவில்லை. 1977-இல் எர்னி ஷேவர்ஸின் இடிகளை 15 ரவுண்டு தாங்கி ஜெயித்தபோதே, அவருடைய வைத்தியர் பெர்டி பச்சேகோ போதும் என்று சொல்லிப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டு வருவதைக் காட்டும் பரிசோதனை முடிவை அலிக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. வைத்தியர் விலகிக் கொண்டார். ஹோம்ஸ் சண்டைக்கு முன் பெயர் பெற்ற மேயோ மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. விரலால் மூக்கு நுனியைச் சரியாகத் தொடுவதில் சிறு தடுமாற்றம், ஒற்றைக் காலில் குதிப்பதில் சிறு தடுமாற்றம் என்று எழுதியிருந்தது. ஆனாலும் சண்டைக்கு அனுமதி கிடைத்தது. சிறு தடுமாற்றம்தானே!

பத்து ரவுண்டு அடி வாங்கினார் அலி. பதினோராவதற்கு அனுப்ப மாட்டேன் என்றார் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சி டண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தவர், அலியின் மேல் உயிரையே வைத்திருந்த உதவியாளர் பண்டினி பிரவுன். அன்பு எந்தப் பக்கம் நின்றது பாருங்கள்! அதன் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. 1984-இல் நடுக்குவாதத்தைச் சேர்ந்த பார்க்கின்ஸன் நோய்க்குறிகள் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். குத்துகள்தான் அதற்குக் காரணமா என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

குத்து மூளையைக் கெடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் தீர்ந்து வெகு காலமாயிற்று. 1928-இலேயே அமெரிக்காவில் நியூவார்க் நகரத்தைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற வைத்தியர், குடிக்காமலே குடித்தவனைப் போல் தள்ளாடும் பழைய குத்துச் சண்டைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விந்தை என்னவென்றால், அதே 1928-இல்தான் உலகப் பட்டம் கையில் இருக்கும்போதே ஜீன் டனி ஓய்வு பெற்றார். ஒரு நாள் பயிற்சியில் தலையோடு தலை மோதியதில் சில நாட்கள் நினைவு குழம்பிப் போயிற்றாம். அந்தப் பயந்தான் தம்மை யோசிக்க வைத்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். 81 வயது வரை வாழ்ந்தார். அவரைப் புகழ்வதற்கு முன் இதையும் சொல்ல வேண்டும்: டெம்ப்ஸியுடன் போட்ட இரண்டாவது சண்டைக்கு மட்டும் அவருக்குக் கிடைத்த கூலி ஏறக்குறைய 10 லட்சம் டாலர். போதாக்குறைக்கு அதே ஆண்டில் ஒரு சீமாட்டியை மணந்து கொண்டார். பயப்படுவதற்கும் கையில் பணம் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எந்த வயதில் இறங்க வேண்டும்? வயதைத்தான் விதிகள் கணக்கில் எடுக்கின்றன. 40 வயது வரம்பு தமக்குக் கதவை மூடிவிட்டதென்று 2024 ஜனவரியில் நம் மேரி கோம் வருத்தப்பட்டார். ஆனால் வருஷக் கணக்கு மட்டும் போதாது. பிரிட்டனில் ராபர்ட்ஸ் என்ற வைத்தியர் 224 பழைய தொழில்முறைச் சண்டைக்காரர்களைப் பரிசோதித்து 1969-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் நூற்றுக்கு 17 பேரிடம் மூளை நரம்புச் சேதத்தின் அடையாளம் இருந்தது. எத்தனை காலம், எத்தனை சண்டை என்று கூடக் கூடச் சேதமும் கூடியது. பார்வையாளர் எதிரே வாங்கிய குத்துக்களைத்தான் நாம் எண்ணுகிறோம். பயிற்சிக் கூடத்தில் தினந்தோறும் வாங்கியதற்குக் கணக்குப் பிள்ளை யார்?

இந்த இடத்தில் ஜிம்மி எல்லிஸை நினைத்துக் கொள்கிறேன். பயிற்சியில் கண்ணில் காயம்பட்டு, ஒரு கண்ணில் பார்வை குன்றி, 1975-லேயே விலகியவர் அவர். அலியைவிட ஆறு ஆண்டு முன்னால் இறங்கியும் தப்பவில்லை. கடைசிக் காலத்தில் நினைவு மங்கி 2014-இல் இறந்தார். அலி 2016-இல். சென்னை மேடையில் சிரித்துக் கொண்டு கையுறை தட்டிய இருவருக்கும் இறக்கும்போது வயது 74.

நேற்று பெரியவரிடம், “நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் எங்க சார் நிறுத்தினேன்?” என்றார். “ஒரு நாள் பிராக்டீஸ்ல எந்தப் பக்கம் என் மூலைன்னு தெரியாம நின்னுட்டேன். எங்க வாத்தியார் மேடை ஏறி வந்து கிளவுஸைக் கழட்டிட்டாரு. நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாரு. எனக்கு அப்போ இருபத்தாறு.”

“நல்ல மனிதர்,” என்றேன்.

பெரியவர் கிளாஸை வைத்துவிட்டு என்னை முறைத்தார். “பாவி சார் அந்த ஆளு! இன்னும் நாலு வருஷம் ஆடியிருப்பேன்.”