ஈற்றே சான்று: எருமை இனப்பெருக்கத்தில் குருத்தணு ஆய்வு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எருமை வாங்க வருவோர் தவறாது கேட்பது, அது எத்தனையாவது ஈற்று என்பதாகும். இந்தியக் குருத்தணு ஆய்வின் வரலாற்றை மதிப்பிடவும் அக்கேள்வியே பொருத்தமான அளவுகோல் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்ல கருக்குருத்தணுக்களை 1981இல் மார்ட்டின் எவான்சும் மாத்யூ காஃப்மனும் சுண்டெலிக் கருவிலிருந்து பிரித்து வளர்த்தனர். அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம், முர்ரா எருமையில் நகலாக்க முயற்சியை மேற்கொண்டது. 2009 பிப்ரவரியில் அங்குப் பிறந்த முதல் கன்று சில நாள்களிலேயே இறந்தது. அவ்வாண்டு ஜூனில் பிறந்த கரிமா, ஈராண்டு கடந்து மாண்டது. இதற்கிடையே, உட்கரு நீக்கிய சினைமுட்டையுடன் கருக்குருத்தணுவை இணைத்து உருவாக்கிய கரிமா-2, 2010 ஆகஸ்டு 22 அன்று பிறந்தது. செயற்கைக் கருவூட்டலால் சினையுற்ற அவ்வெருமை, 2013 சனவரி 25 அன்று மகிமா என்னும் கிடாரிக்கன்றை ஈன்றது.

கரிமா-2இன் பிறப்பு ஆய்வகத்தின் திறனைக் காட்டியது. அதன் ஈற்றோ, நகலாக்க எருமையும் இயல்பாக இனம் பெருக்கும் என்பதை மெய்ப்பித்தது. எனினும், நகலாக்கக் கருக்களுள் மிகச் சிலவே கன்றாகின்றன. இக்குறை நீங்கி, சிற்றுழவரின் தொழுவத்தை எட்டும்போதே இவ்வாய்வு முழுமை பெறும்.