சிகிரிக் குன்றும் விண்ணேணியும்

மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்தே, தம்புள்ளைக்கு அண்மையில், ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரிக் குன்றை வரலாற்று மாணவர் முதலாம் காசியப்பனின் கோட்டையாக அறிவர். அறிவியற் புனைகதை வாசகர் பலர் அதனை 'யக்ககல' என்னும் பெயரால் அறிவர். இவ்விரு அறிமுகங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பு, ஒரு பெருங்கதை பிறிதொன்றைத் தோற்றுவிக்கும் முறையினை விளக்கவல்லது.

சூளவம்சம் கூறும் வரலாறு பலரும் அறிந்ததே. தாதுசேனனைச் சிறைப்படுத்தி அரசைக் கைப்பற்றிய மகன் காசியப்பன், தந்தையின் செல்வம் எங்கே எனக் கேட்டான். தாதுசேனன் தான் கட்டுவித்த கலாவாவியின் நீரைக் கையில் ஏந்தி, அதுவே தன் செல்வம் என்றான். பின்னர் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டு மாண்டான். உரிமையாளனான முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். அச்சமுற்ற காசியப்பன் குன்றின்மேல் அரண்மனை அமைத்து, அளகாபுரியில் வீற்றிருக்கும் குபேரனைப்போல வாழ்ந்தான். 495இல் முகலன் படையுடன் மீண்டபோது, போர்க்களத்தில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். நூலின் இப்பகுதி, மரபுப்படி, 13ஆம் நூற்றாண்டினரான தம்மகித்தி தேரருக்கு உரியது. அதாவது, நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகள் உள்ளன. பிக்கு ஒருவரின் நோக்கில் காசியப்பன் முதலில் தந்தையைக் கொன்ற பாவி. கலைஞன் என்பது அதற்குப் பின்னரே.

1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பில் மறைந்த ஆதர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் நாவலில் இத்தீர்ப்பை ஏறக்குறையத் தலைகீழாக்கினார். அங்கே காசியப்பன் 'காளிதாசன்' ஆகிறான். சிவனொளிபாதமலை 'சிறீ கந்த' ஆகிறது. தீவு 'தப்ரபேன்' எனும் பழம்பெயர் பெற்று, நிலநடுக்கோட்டை அடையும்பொருட்டு 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தப்படுகிறது. விண்ணைத் தொட விழைந்த அவ்வரசனுக்கு இணையாக, 22ஆம் நூற்றாண்டிலே பூமிக்கும் விண்வெளிக்கும் இடையே ஏணியொன்றை நிறுவ முயலும் வனீவர் மோர்கன் என்னும் பொறியியலாளர் நிறுத்தப்படுகிறார். அரசனின் பாவம் மறைக்கப்படவில்லையாயினும், அவனது பேராசையே கதையின் முதலாகிறது.

பெயர்த் தெரிவு சிந்திக்கத்தக்கது. யக்ககல என்பது இயக்கர் பாறை. மேகதூதம் பாடிய காளிதாசனின் தலைவனோ அளகாபுரியினின்றும் நாடுகடத்தப்பட்ட இயக்கன். சூளவம்சத்தின் உவமையும் வடமொழிக் காவியமும் இவ்விரு பெயர்களிற் சந்திப்பது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்கின்றன என்ற நாட்டார் நம்பிக்கையையும் கிளார்க் விடவில்லை. நாவலில் அவை மலையுச்சியை அடைய முயலும் மாண்ட போர்வீரர். அவை உச்சியை அடையும் நாளில் துறவிகள் மலையை விட்டு நீங்குகின்றனர். மகாவம்ச மரபு எழுதாது விட்டதை நாட்டார் மரபு காத்துக் கொடுத்த இவ்விடமே நாவலின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

விண்ணேணி கிளார்க்கின் கற்பனையில் முதன்முதல் உதித்ததன்று. 1895இல் சியோல்கோவ்ஸ்கி அதன் கருவைக் கூறினார். 1960இல் ஆர்ட்சுட்டானோவ் என்ற உருசியப் பொறியியலாளரும், 1975இல் அமெரிக்கரான ஜெரோம் பியர்சனும் அதனை வளர்த்தனர். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் பூமியோடு ஒத்துச் சுழலும் துணைக்கோளிலிருந்து வடத்தைக் கீழே இறக்குவதே அதன் அடிப்படை. அத்தகைய சுற்றுப்பாதையிற் செய்தித் துணைக்கோள்களை நிறுத்தலாம் என 1945இல் எழுதியவரும் கிளார்க்கே. 1979இலேயே சார்ள்ஸ் ஷெஃபீல்ட் அதே பொருளில் நாவல் வெளியிட்டபோது, ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்பதைக் கிளார்க் பகிரங்கக் கடிதமொன்றில் தெளிவுபடுத்தினார். ஒப்புமை யாவும் தாக்கமாகாது என்பதற்கு இது தக்க சான்று.

ஐயத்துக்கு இடமற்ற தாக்கம் பின்னரே நிகழ்ந்தது. 1992இல் வெளிவந்த கிம் ஸ்டான்லி றொபின்சனின் 'செவ்வாய்' வரிசையின் முதல் நூலில், விண்ணேணியின் மேல்முனையிலுள்ள சிறுகோளுக்குக் கிளார்க் என்றும், அடியிலுள்ள நகருக்கு ஷெஃபீல்ட் என்றும் பெயர். கடன் அங்கே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் கருத்து மாறுகிறது. கிளார்க்குக்கு ஏணி தனிமனிதனின் கனவு. றொபின்சனுக்கோ அது கோளொன்றின் வளத்தை யார் எடுத்துச் செல்வது என்ற கேள்வி. ஆகவே கிளர்ச்சியின்போது அது அறுந்து விழுந்து செவ்வாயைச் சுற்றிக் கொள்கிறது. கிளார்க்கும் 1997இல் தம் 'ஒடிசி' வரிசையின் இறுதி நூலில், பூமியின் நடுக்கோட்டில் நிற்கும் நான்கு கோபுரங்களாக அதே ஏணியை மீளக் கொணர்ந்தார்.

சூளவம்சத்திலும் கிளார்க்கின் நாவலிலும் ஒரு குறை பொது. குன்றின்மேற் செங்கல் சுமந்தோர் இரண்டிலும் பெயர் பெறவில்லை. ஏணியை யாருக்காக என்று வினவிய றொபின்சனிடத்தே அவர்களுக்குச் சிறிது இடம் கிடைக்கிறது. ஆனால் அந்நூலிற் சிகிரி இல்லை.