ஹைவேயில் ஏறினதும் பாட்டுல பேஸ் காணாமப் போகுதா? வால்யூமை ஏத்தாதீங்க, இதைச் செய்யுங்க!

சென்னை டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது தெளிவாகக் கேட்ட பாட்டு, செங்கல்பட்டு தாண்டி 100 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் சப்பென்று ஆகிவிடும். தபேலா, பேஸ் கிட்டார் எல்லாம் எங்கே போச்சுன்னே தெரியாது. உடனே கை வால்யூமுக்குப் போகும். அடுத்த டோல்கேட்டில் வண்டி நின்றதும் அதே பாட்டு காதைக் கிழிக்கும்.

ஏன் இப்படி? பாட்டு குறையவில்லை, இரைச்சல் அதை மூடிவிடுகிறது. டயர் உருளும் சத்தம் காருக்குள் வந்து சேரும்போது பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும். பாட்டின் பேஸ் இருப்பதும் அதே பகுதியில்தான். கான்கிரீட் ரோட்டில் இது இன்னும் மோசம். கண்ணாடி ஓரம் 'உஸ்ஸ்' என்று வரும் காற்றுச் சத்தமோ அதற்கு மேலே இருப்பது. அது பாடகரின் வார்த்தைகளை மங்கலாக்கும்.

வால்யூமைக் கூட்டினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ட்ரெபிளும் சேர்ந்து ஏறும், தலைவலிதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஈக்வலைசரில் பேஸை மட்டும் 2 அல்லது 3 படி கூட்டிப் பாருங்கள். செய்தி, பேச்சு கேட்பவர்கள் மிட்-ஐ ஒரு படி ஏற்றலாம். கதவு ஸ்பீக்கர் கரகரத்தால் பேஸ் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறக்குங்கள். இதையெல்லாம் வண்டி ஓடும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் செய்யணும், டிரைவர் இல்லை. சரியாக வந்ததும் 'ஹைவே' என்று தனியாக சேவ் செய்துவிட்டால், ஊருக்குள் வந்ததும் பழைய செட்டிங்குக்கு மாறிக்கொள்ளலாம்.

பல கார்களில் வேகத்துக்கு ஏற்ப சத்தம் தானாக ஏறி இறங்கும் வசதி உண்டு. சவுண்ட் மெனுவில் 'ஸ்பீட் வால்யூம்', 'எஸ்விசி' மாதிரி ஏதாவது பெயரில் ஒளிந்திருக்கும். முதலில் 'லோ'வில் வைத்துப் பாருங்கள். டோல்கேட் அதிர்ச்சிக்கு இதுதான் மருந்து. போஸ் நிறுவனத்தின் 'ஆடியோ பைலட்' ஒரு படி மேலே போய், உள்ளே வைத்த மைக் மூலம் இரைச்சலையே கேட்டு பாட்டைச் சரிசெய்யும்.

எவ்வளவு சத்தம் ஓகே? வேலை செய்யும் இடங்களில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் பரிந்துரை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். அதாவது 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம்தான். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேரவே 7, 8 மணி நேரம் ஆகிறதே! பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் ரொம்ப அதிகம். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரனும் கேட்காது.

இன்னொன்று. வேகத்தோடு ஏறும் 'ஹூம்ம்' சத்தம் சமீபத்தில்தான் புதிதாக வந்ததா? அது தேய்ந்த டயராகவோ, போகப்போகிற வீல் பேரிங்காகவோ இருக்கலாம். அதற்கு ஈக்வலைசர் உதவாது. பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், அப்புறம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.