ஊழியர்களுக்கு கிறிஸ்துமஸ் பரிசு: தேர்வு செய்யும்போது நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

டிசம்பர் மாதம் பிறந்ததும் பல நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளில் ஊழியர்களுக்கான கிறிஸ்துமஸ் பரிசு குறித்த ஆலோசனை தொடங்கிவிடுகிறது. கேக், உலர்பழப் பெட்டி, பரிசு அட்டை, ஆடை ஆகியவற்றில் எதை வழங்குவது என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. அதற்கு முன்பாகத் தீர்க்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன: சட்டப்படி வழங்க வேண்டிய போனஸ் வழங்கப்பட்டுவிட்டதா? பரிசு பெறுவோர் பட்டியலில் யார் யார் இடம்பெறுகின்றனர்? ஊழியர்கள் மீது வரிச்சுமை ஏற்படுமா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர், பொருளைத் தேர்வு செய்வது எளிதாகிவிடும்.

போனஸ் வேறு, பரிசு வேறு

பண்டிகைப் பரிசு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. போனஸ் அப்படிப்பட்டதன்று. தகுதியுள்ள ஊழியர்களுக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதமும், அதிகபட்சம் 20 சதவீதமும் போனஸ் வழங்க 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகை செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-லும் இதே விகிதங்கள் இடம்பெற்றுள்ளன. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தும். கணக்கு ஆண்டில் குறைந்தது 30 நாள்கள் பணியாற்றியிருப்பதும், அரசு அறிவிக்கும் ஊதிய உச்சவரம்புக்குள் இருப்பதும் தகுதிக்கான நிபந்தனைகளாகும். கணக்கு ஆண்டு முடிந்த 8 மாதங்களுக்குள் போனஸ் வழங்கப்பட வேண்டும். மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கெடு நவம்பர் இறுதியுடன் நிறைவடைகிறது. அதாவது, கிறிஸ்துமஸ் பரிசு குறித்துத் திட்டமிடும் வேளையில் போனஸ் தொகை ஊழியரின் கைக்குச் சென்றிருக்க வேண்டும்.

பூஜை போனஸ் போன்று வழக்கமாகத் தரப்படும் ரொக்கத்தையும், முன்கூட்டியே தரப்பட்ட போனஸ் தொகையையும் சட்டப்படியான போனஸில் கழித்துக்கொள்ள இடமுண்டு. ஆனால், ஒரு கேக்கும் உலர்பழப் பெட்டியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. போனஸ் தராமல் பரிசுப் பெட்டி மட்டும் வழங்கும் நிறுவனம், தனது சட்டப்பூர்வ கடமையை நிறைவேற்றியதாகக் கருத முடியாது.

போனஸ் எந்தப் பண்டிகையை ஒட்டி வழங்கப்படுகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கேரளத்தில் ஓணமும், மேற்கு வங்கத்தில் துர்கா பூஜையும், வட மாநிலங்களில் தீபாவளியும் போனஸ் காலமாக உள்ளன. எனவே அங்கெல்லாம் கிறிஸ்துமஸ் பரிசு கூடுதலான ஒன்றாகவே அமைகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். நாகாலாந்தில் ஏறத்தாழ 88 சதவீதமாகவும், மிசோரத்தில் 87 சதவீதமாகவும், மேகாலயத்தில் ஏறத்தாழ 75 சதவீதமாகவும் உள்ள மக்களுக்கு இதுவே ஆண்டின் முதன்மைப் பண்டிகை. பல மாநிலங்களில் கிளைகளைக் கொண்ட நிறுவனம், தீபாவளிக்கு அனைவருக்கும் வழங்கிவிட்டோம் என்று கருதி டிசம்பரைக் கடந்துவிட்டால், இக்கிளைகளில் பணியாற்றுவோருக்கு அது புறக்கணிப்பாகவே தோன்றும்.

பட்டியலில் விடுபடுவோர்

பரிசு தொடர்பான மனக்குறை பெரும்பாலும் பொருளின் தரத்தைவிட, விடுபட்ட பெயர்களால்தான் எழுகிறது. துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், உணவகப் பணியாளர்கள், ஓட்டுநர்கள் ஆகியோர் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் பணியமர்த்தப்படுவதால், அவர்களின் பெயர்கள் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருப்பதில்லை. அதே பட்டியலைக் கொண்டு பரிசு வழங்கும்போது அவர்கள் விடுபடுகின்றனர். பரிசுப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி அடுக்குவோரும், கிறிஸ்துமஸ் நாளன்று வாயிலில் பணியில் இருப்போரும் பெரும்பாலும் அவர்களே. மகப்பேறு விடுப்பில் உள்ளோர், நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்போர், பயிற்சி ஊழியர்கள், வீட்டிலிருந்தே பணியாற்றுவோர், இரவுப் பணியில் உள்ளோர் ஆகியோரும் எளிதில் விடுபடக்கூடியவர்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் ரூ.90,000 ஒதுக்கியுள்ளதாகக் கொள்வோம். அதன் நேரடி ஊழியர்கள் 40 பேர். ஒப்பந்தப் பணியாளர்கள் 20 பேர். 40 பேருக்கு மட்டும் வழங்கினால் தலா ரூ.2,250 மதிப்பில் பரிசு அமையும். 60 பேருக்கும் வழங்கினால் தலா ரூ.1,500 ஆகும். மொத்தச் செலவு மாறுவதில்லை. ரூ.750 குறைந்த பரிசை நேரடி ஊழியர் பெரிதாக உணர்வதற்கு வாய்ப்பு குறைவு. வெறுங்கையுடன் வீடு திரும்புவதை ஒப்பந்தப் பணியாளர் நிச்சயம் உணர்வார்.

மத அடிப்படையில் பட்டியலைப் பிரிப்பதும் கவனத்துக்குரியது. கிறிஸ்தவ ஊழியர்களுக்கு மட்டும் பரிசு வழங்குவதாயின், பிற பண்டிகைகளின்போது மற்றவர்களுக்கு அதற்கு இணையான மதிப்பில் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறின்றேல், அனைவருக்கும் ஒரே பரிசு என்ற முறையே பொருத்தமானது.

ரூ.5,000 வரம்பு

2026 மார்ச் 31 வரை பொருந்திய வருமான வரி விதிகள், 1962-இன் 3(7)(iv) பிரிவு, நிறுவனம் ஊழியருக்கு வழங்கும் பரிசுகளின் மதிப்பைக் கணக்கிடும் முறையை வரையறுத்தது. பொருளாகவோ, கூப்பனாகவோ பெறும் பரிசுகளின் மொத்த மதிப்பு ஓர் ஆண்டில் ரூ.5,000-க்கும் குறைவாக இருந்தால் அவ்விதிகளின்படி வரி விதிக்கப்படவில்லை. இந்த வரம்பு ஒரு பண்டிகைக்கு உரியதன்று. ஆண்டு முழுவதற்கும் உரியது. தீபாவளிக்கு ரூ.3,500 மதிப்பிலும், கிறிஸ்துமஸுக்கு ரூ.2,000 மதிப்பிலும் பரிசு வழங்கினால் மொத்தம் ரூ.5,500 ஆகி அந்த ரூ.5,000 வரம்பைக் கடந்துவிடும். ஊழியரின் குடும்பத்தினருக்கு வழங்கப்படும் பரிசும் இதே கணக்கில் சேரும்.

ரொக்கமாகவோ, காசோலையாகவோ, பணமாக மாற்றத்தக்க வேறு வடிவிலோ தரப்படும் பரிசுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அத்தொகை முழுமையும் ஊதியத்துடன் சேர்க்கப்பட்டு வரிப்பிடித்தத்துக்கு உட்படும். குறைந்த ஊதியம் பெறும் ஊழியருக்கு வரி செலுத்தும் நிலையே இராது என்பதால், அவருக்கு ரொக்கமே பயனுள்ள பரிசாக இருக்கக்கூடும். வரி வரம்புக்குள் வரும் ஊழியருக்குப் பொருளோ, கூப்பனோ ஆதாயமானது. புதிய வருமான வரிச் சட்டம், 2025 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், அதன் பின்னர் வழங்கப்படும் பரிசுகளுக்கு அந்த ஆண்டில் பொருந்தும் வரம்பைத் தணிக்கையாளரிடம் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் கணக்கு வேறு. ஒரு நிதியாண்டில் ஓர் ஊழியருக்கு ரூ.50,000 வரை மதிப்புள்ள பரிசு வழங்குவது, அச்சட்டத்தின்படி வரிக்குரிய வழங்கலாகக் கருதப்படாது. அதேவேளையில், பரிசாக வழங்கும் பொருள்களை வாங்கும்போது செலுத்திய ஜிஎஸ்டி-யை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள 17(5)(h) பிரிவு அனுமதிப்பதில்லை. எனவே, பரிசுக்கான செலவைத் திட்டமிடும்போது வரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கேக், பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.

மத்திய அரசு அலுவலகங்களின் நிலை முற்றிலும் வேறானது. தீபாவளி உள்ளிட்ட பண்டிகைகளுக்கு அரசு நிதியிலிருந்து பரிசுப் பொருள்கள் வாங்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2025 செப்டம்பரில் அறிவுறுத்தியுள்ளது.

கேக் வாங்கும் முன்

கிறிஸ்துமஸ் பரிசாகப் பரவலாக வழங்கப்படுவது பிளம் கேக். கேரளத்தின் தலச்சேரி முதல் கொல்கத்தா வரை இதற்கெனப் பெயர்பெற்ற பேக்கரிகள் உள்ளன. பழங்களையும் கொட்டைகளையும் ரம் அல்லது பழச்சாற்றில் பல வாரங்கள் ஊறவைத்துத் தயாரிக்கப்படும் இவ்வகை கேக், கிரீம் கேக்கைப்போல ஓரிரு நாள்களில் கெடுவதில்லை. கிளை அலுவலகங்களுக்கு அனுப்புவதற்கு இது ஏற்றது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு நிற முக்கோணக் குறியும், முட்டை சேர்க்காத கேக்கில் பச்சை வட்டக் குறியும் இருக்க வேண்டும். சைவ உணவு உண்போரும், சமய நெறிப்படி மதுவைத் தவிர்ப்போரும் பணியாற்றும் இடத்தில், முட்டையும் ரம்மும் சேர்க்காத வகையையே அனைவருக்கும் வாங்குவது நல்லது. தனித்தனி வகைகளாக வாங்கினால், வழங்கும்போது பெட்டிகள் மாறிப்போகும் வாய்ப்பு அதிகம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, பயன்படுத்தத்தக்க இறுதி நாள் ஆகியவை பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ளனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

கிறிஸ்தவர்களிலும் நோன்பு காக்கும் பிரிவினர் உள்ளனர். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் டிசம்பர் 1 முதல் 24 வரை ‘இருபத்தைந்து நோன்பு’ கடைப்பிடித்து, இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றைத் தவிர்க்கின்றனர். மாதத்தின் முதல் வாரத்தில் வழங்கப்படும் கேக்கை அவர்கள் 25-ஆம் தேதி வரை வைத்திருக்க நேரிடும். இறுதி நாள் ஜனவரி வரை நீளும் கேக்கைத் தேர்வு செய்தால் இச்சிக்கல் எழாது.

ஒயின் உள்ளிட்ட மதுபானங்களைப் பரிசாக வழங்குவதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. பிகார், குஜராத், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களில் மதுவிலக்குச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. கிறிஸ்துமஸ் மிகச் சிறப்பாகக் கொண்டாடப்படும் கொஹிமாவுக்கும் ஐசாலுக்கும் ஒயின் புட்டியுடன் பரிசுப் பெட்டி அனுப்புவது சட்டச் சிக்கலை ஏற்படுத்தும். பிற மாநிலங்களிலும் உரிமம் இன்றித் தயாரித்து விற்கப்படும் வீட்டு ஒயினை வாங்கி விநியோகிப்பது கலால் சட்டங்களுக்கு முரணானது.

உள்ளூர்ப் பொருள்களும் பரிசு அட்டையும்

கேக்குக்கு மாற்றாக அந்தந்தப் பகுதியின் பொருள்களைத் தேர்வு செய்யலாம். புவிசார் குறியீடு பெற்ற கோவாவின் பெபின்கா இனிப்பு, மேகாலயத்தின் லக்கடாங் மஞ்சள், மிசோரத்தின் புவான்சேய் கைத்தறித் துணி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். விடுமுறைக்கு ரயிலில் தொலைதூரம் செல்லும் ஊழியர்களுக்குக் கனமான பொருள்களும், எளிதில் உடையும் பொருள்களும் சுமையாகிவிடும். அவர்கள் ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முன்பாகவே பரிசு கைக்குக் கிடைக்க வேண்டும்.

வங்கிகள் வழங்கும் பரிசு அட்டை ஒவ்வொன்றின் மதிப்பும் ரூ.10,000-ஐத் தாண்டக் கூடாது. அதில் மீண்டும் பணம் நிரப்பவோ, அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ இயலாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறிப்பிட்ட ஒரு கடையில் மட்டும் பயன்படும் கூப்பன்களை வாங்கும் முன், அக்கடையின் கிளை ஊழியர்கள் வசிக்கும் ஊரில் உள்ளதா, கூப்பன் எத்தனை மாதங்களுக்குச் செல்லும் ஆகியவற்றை அறிந்துகொள்ள வேண்டும். இணையவழியில் மட்டும் பயன்படும் கூப்பன், திறன்பேசி இல்லாத துப்புரவுப் பணியாளருக்கு உதவாது.

இனிப்புப் பெட்டிகளைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. காகித உறையோ, துணிப் பையோ பயன்படுத்த வேண்டும் என்பதை விற்பனையாளரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

வழக்கத்தை நிறுத்தும்போது

நீண்டகாலமாக வழங்கிவரும் சலுகையைத் திடீரென நிறுத்துவதும் பிரச்சினைக்கு வழிவகுக்கும். லாப நஷ்டம் பாராமல், ஆண்டுதோறும் இடைவிடாமல், நீண்டகாலம், ஒரே விகிதத்தில் வழங்கப்பட்டுள்ளதா என்பனவற்றை வழக்கப்படியான பூஜை போனஸுக்கான அளவுகோல்களாக 1959-ஆம் ஆண்டின் கிரஹாம் டிரேடிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தொழிலாளர்களுக்கு வழக்கமாகக் கிடைத்துவரும் சலுகையைத் திரும்பப் பெற 21 நாள்களுக்கு முன்பு அறிவிப்பு வழங்க வேண்டும் என்ற தொழில் தகராறு சட்டத்தின் விதி, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020-லும் தொடர்கிறது. ஆகவே, முதல் ஆண்டிலேயே பெருந்தொகை செலவிட்டு அடுத்த ஆண்டில் கைவிடுவதைவிட, ஆண்டுதோறும் தொடரக்கூடிய அளவில் பரிசுத் தொகையைத் தொடக்கத்திலேயே நிர்ணயிப்பது இரு தரப்புக்கும் ஏற்றது.